மேடையில் வாசிக்க வேண்டிய கதை

ஜனவரி 3, வெள்ளி

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் பக்கத்து வீட்டில் வாங்கிச் சமாளித்தேன். என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார். கண்டக்டர் வேலைக்குப் பண்டிகை மாதத்தில் ஓய்வே கிடையாது.

மதியம் நூலகத்துக்குப் போனேன். நூலகர் செல்வநாயகம் சார் ஒரு நோட்டீசை நீட்டினார். ‘உள்ளூர்ப் படைப்பாளர் மேடை. இதுவரை புத்தகம் வெளியிடாத மாவட்டத்து எழுத்தாளர்கள், ஓவியர்களுக்கான வாய்ப்பு.’ பத்துக் கதைகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பாகப் போடுவார்களாம். எழுதியவர்களே மேடையில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் உள்ளூர் ஓவியர் ஒருவர் படம் வரைந்து கூடத்தில் மாட்டுவாராம்.

“நீங்க ஒண்ணு குடுங்கம்மா. ஆறு வருஷமா படிச்சுட்டே இருக்கீங்க. எழுதாமயா இருப்பீங்க?” என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். ஒரு கதை இருக்கிறது. பீரோவில், சேலைகளுக்கு அடியில். அதைக் கொடுக்க முடியாது.

ஜனவரி 5, ஞாயிறு

கதையை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் என்னிடம் இருப்பது இந்த ஒரு நல்ல விஷயம்தான் என்று தோன்றியது.

என் மகள் யாழினிதான் டைப் செய்தாள். இந்த வருடம் பிளஸ் டூ. படிக்க வேண்டிய பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து செல்போனில் அடித்துக் கொடுத்தாள். நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது. வார்டன் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். பெண் செத்துப்போகிறாள். கூடத் தங்கியிருந்த தோழி சொல்வதுபோல எழுதியிருக்கிறேன்.

“அம்மா, நீ மில்லுல இருந்தேல்ல? இது நெசமா நடந்துச்சா?”

“நான் ஆபீஸ் வேலைதான பாத்தேன். அங்கங்க காதுல விழுகுறதுதான்.”

“அந்த வார்டன் பொம்பள மட்டும் கையில கெடச்சா…” என்று பல்லைக் கடித்தாள்.

கதையில் வார்டன் பெயர் கோமளம். தடித்த உடம்பு, வெற்றிலைக் கறை, ஆண்குரல். அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை. கற்பனைதான்.

ஜனவரி 6, திங்கள்

அனுப்பிவிட்டேன். ‘தாரகை’ என்ற புனைபெயரில். இந்திராணி என்று எங்கேயும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியபோது யாழினி கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குத்தான் சாப்பிட முடியவில்லை. தை மாதம் பிறந்தாலே எனக்கு வயிறு சரியில்லாமல் போகிறது. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

ஜனவரி 18, சனி

தேர்வாகிவிட்டது! துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது செல்வநாயகம் சார் போனில் பேசினார். அறுபத்து மூன்று கதைகள் வந்ததாம். பத்தில் என்னுடையதுதான் முதலாவது என்று தேர்வுக் குழுவில் எல்லாரும் சொன்னார்களாம். “படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கலைம்மா” என்றார். சோப்பு நுரையோடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். வாழ்க்கையில் யாரும் என்னை முதல் என்று சொன்னதில்லை.

பிறகு அவர் சொன்னார்: “உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க. சொந்தப் பேரும் போடணும். உள்ளூர் ஆளுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல.”

“புனைபெயர் மட்டும் போதும் சார்.”

“எதுக்கும்மா ஒளியணும்? திருட்டா பண்ணிட்டீங்க?”

யாழினி ஏற்கெனவே போட்டோவை அனுப்பிவிட்டிருந்தாள். அவளைத் திட்டினேன். ஏன் திட்டுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ். பத்து முகங்களில் நடுவே என் முகம். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் என்னையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நடந்தேன்.

மாலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “ஹலோ” என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

அதே எண். இரண்டு முறை. எடுக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தனபால் நின்றிருந்தார். மில்லின் மேனேஜர். மில் பெயரை இந்த நோட்டில்கூட எழுதப் போவதில்லை. தலை நரைத்துவிட்டது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

“என்ன இந்திராணி, எழுத்தாளரா ஆகிட்டீங்களாமே! ஃப்ளெக்ஸ்ல பாத்தேன். ரொம்ப சந்தோஷம்.”

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“கதை என்னம்மா? மில்லு, ஹாஸ்டல்னு கேள்விப்பட்டேன்.”

“சும்மா கற்பனை சார்.”

“கற்பனைன்னா நல்லது. நமக்கு ஒண்ணுமில்ல. முதலாளிக்கும் இதெல்லாம் தெரியாது. உங்களுக்காகத்தான் வந்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “லீவு ரிஜிஸ்டர் இன்னும் பத்திரமா இருக்கு. கையெழுத்து யாருதுன்னு நான் சொல்லணுமா? வேற ஏதாவது கதை படிங்க. பூ, மழை, அம்மா பாசம்… எவ்வளவு இருக்கு.”

போகும்போது வாசலில் செருப்பைப் போட்டபடியே கேட்டார்: “பொண்ணு பிளஸ் டூவா? இவ்வளவு பெருசாகிட்டாளா?”

யாழினிக்கு இன்று அரை நாள்தான் பள்ளி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சமையற்கட்டில் நின்றிருந்தாள்.

“யாரும்மா அது? என்ன ரிஜிஸ்டர்?”

“பழைய ஆபீஸ் விஷயம். நீ சாப்புடு.”

ஜனவரி 23, வியாழன்

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். சாதம் அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை.

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் தனபால் வந்ததைச் சொன்னேன். கையைச் சோற்றில் வைத்தபடியே யோசித்தார். “அன்னைக்கு நீ கையெழுத்துப் போட்டது நமக்கு நல்லதுன்னுதான் போட்ட. இப்ப எதுக்கு அதக் கிளறுற? போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரு.” சரி என்றேன். உண்மையில் நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 25, சனி

நூலகத்துக்குப் போய்ச் செல்வநாயகம் சாரிடம் கதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கி வைத்தார். தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. முதல் கதை என்னுடையது.

“பயமா இருக்காம்மா? மொத மேடைன்னா எல்லாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அந்த மனிதரிடம் என்ன சொல்வது? எழுந்தேன். அப்போதுதான் அவர், “சொல்ல மறந்துட்டேன். நேத்து ஒரு பொண்ணு வந்து உங்க கதையைக் கேட்டுச்சு. ஃப்ளெக்ஸ்ல முகத்தைப் பாத்து வந்துச்சாம். இங்கயே உக்காந்து ரெண்டு தடவை படிச்சுது. அழுவும்னு பாத்தேன், அழல” என்றார்.

“பேர் என்ன சார்?”

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘பூங்கொடி, நத்தம்.’

திரும்பி வர ஆட்டோ பிடித்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அழகுமணிக்கு ஒரு அக்கா உண்டு. பூங்கொடி. விடுதிக்கு ஒருமுறை முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள்; கேட்டுக்கு வெளியே நின்று வாங்கி உள்ளே கொடுத்தது நான்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? 2013 முதல் 2016 வரை அங்கே வார்டனாக இருந்தது நான்தான். யாழினி அப்போது திருமங்கலத்தில் மாமியார் வீட்டில் வளர்ந்தாள். அவளுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லி அப்படியே பழகிவிட்டது.

ஆனால் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்களை அறையில் பூட்டச் சொன்னது தனபால். காய்ச்சல் என்று மூன்று நாளாகப் படுத்திருந்த அழகுமணியைப் பூட்டச் சொன்னதும் அவர். அன்று மதியம் எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் அதைத்தான் சொன்னேன். லீவு ரிஜிஸ்டரில் ‘மதியம் 12 மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதும் தனபால்தான். போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு காகிதத்தில் என்ன எழுதினால்தான் என்ன?

ஜனவரி 30, வியாழன்

ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் ஓவியங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கதைக்கு வரைந்தவர் ஜெயசீலன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஓவியம் மாட்ட அவருக்கும் இதுதான் முதல் வாய்ப்பாம். புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

படத்தில் ஒரு பச்சைக் கதவு. பெரிய பூட்டு. கதவுக்கு அடியில், தரைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் நான்கு விரல்கள்.

“அண்ணே, அந்த விரல எடுத்துருங்களேன்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “ஏம்மா, நல்லால்லையா? கதையில நீங்க எழுதுனதத்தானே வரைஞ்சேன். ‘இடுக்கு வழியாக விரல்கள் வெளியே வந்தன’ன்னு இருக்கே. பதினெட்டாவது பக்கம்.”

புரட்டிப் பார்த்தேன். இருந்தது. நான் அதை எழுதிய ஞாபகமே இல்லை. நல்லா இருக்குண்ணே, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கழிவறையில் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 1, சனி

தெருமுனையில் காலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார். மாலையில் பார்த்தால் எதிர்வீட்டு விருந்தாளியுடையது. எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படுகிறேன். கதவை யார் தட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். யாழினி எனக்குப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். வகுப்புத் தோழிகள் நான்கு பேரை வரச் சொல்லியிருக்கிறாளாம். புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் தனபால். என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். பூங்கொடி எங்கே என்று தேடினேன். ஒன்பது வருடத்தில் முகம் மாறியிருக்கும். ஒவ்வொரு பெண்ணும் அவளாகவே தெரிந்தாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேறு கதை எதுவும் கையில் இல்லை. இதைத்தான் வாசித்தேன். இருபது நிமிடம். தோழி அழும் இடத்தில் கூட்டத்தில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அந்தப் பெண் கடைசியாக “அம்மா” என்று கூப்பிடும் இடத்தில் யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையில் செல்போன், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

“வாசகர்கள் கேள்வி கேக்கலாம்” என்றார் செல்வநாயகம் சார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நீலச் சுடிதார். மைக்கை வாங்கவில்லை.

“கதை நல்லாருக்குங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தோழிதான கதைய சொல்லுது? அது அன்னைக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போயிருச்சுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. மத்த பிள்ளைகளும் போயிருச்சுக.”

“ஆமா.”

“அந்தப் பொண்ணு மூணு தடவ கதவத் தட்டுச்சுன்னு எழுதிருக்கீங்க. மொத தடவ பலமா, ரெண்டாவது தடவ வெரலால, மூணாவது தடவ உள்ளங்கையாலன்னு. எல்லாரும் ஷிஃப்ட்டுல இருந்தா, அதக் கேட்டது யாரு?”

கற்பனை என்று சொல்லியிருக்கலாம். கதைதானே என்று சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. வாயில் அந்த வார்த்தை வந்தும்விட்டது.

“எந்தங்கச்சி பன்னெண்டு மணிக்கு லீவுல கெளம்பிட்டான்னு மில்லுல எழுதி வச்சிருக்காங்க. அஞ்சரைக்கு ஆஸ்பத்திரியில பொணமா கெடந்தா. நடுவுல அஞ்சரை மணி நேரம் எங்க போனா, எவன்கூடப் போனான்னு எங்க ஊர்ல இன்னைக்கும் பேசுறாங்க. எங்கம்மா ஒரு நல்லது கெட்டதுக்குப் போறதில்ல. அதனாலதாங்க கேக்குறேன். தட்டுனத யாரு கேட்டா?”

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்தக் காகிதம் அந்தப் பிள்ளையை இப்படியும் ஒருமுறை கொன்றிருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

“நான்தான் கேட்டேன்” என்றேன்.

மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“நான்தான் அங்க வார்டன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. அவ எங்கயும் போகல. பன்னெண்டு மணிக்கும் உள்ளதான் இருந்தா, நாலு மணிக்கும் உள்ளதான் இருந்தா. ரிஜிஸ்டர்ல பொய் எழுதுனது நான்.”

தனபால் எழுந்துவிட்டார். “சார், இந்தம்மாவுக்கு மனநிலை சரியில்ல. மைக்க வாங்குங்க மொதல்ல!”

செல்வநாயகம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கை மைக்குக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. “பேசட்டும், உக்காருங்க” என்றார். ஜெயசீலன் அண்ணன் தனபாலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

யாழினியைப் பார்த்தேன். அவள் முகம் செல்போனுக்குப் பின்னால் இருந்தது. கையை இறக்கவே இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

தலைவலி என்று எழுதியிருந்தேன். தூங்கவில்லை. விடுதிப் படிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தட்டலுக்கு, “நடிக்காதடி” என்று கத்தினேன். இரண்டாவதற்கு மேலே போனேன். விரல்களைப் பார்த்தேன். அழுக்காக, நகம் வெட்டாமல். தனபாலுக்குப் போன் செய்தேன். “தெறந்தா உன் வேலை இருக்காது” என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கதை நல்ல இடத்தில் இருந்தது. மூன்றாவது தட்டலுக்கு, இந்த அத்தியாயம் முடியட்டும் என்று இருந்தேன். முடித்துவிட்டுப் போனபோது மணி ஐந்து.

பிப்ரவரி 5, புதன்

அவர் பேசுவதில்லை. யாழினி தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். வீடியோவை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். மில்லிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தனபால் அவருக்குப் போன் செய்திருக்கிறார். போலீஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. வாசலில் தபால்காரர் மணியடித்தபோது கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது.

செல்வநாயகம் சாரிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். “அத நான் பாத்துக்கிறேன். நீங்க சாப்புட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூங்கொடி வரச் சொல்லியிருந்தாள். நத்தத்தில் இறங்கி அங்கிருந்து மினி பஸ். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். தெருவில் போகும்போது, எதிரே வந்தவர்களிடம் எல்லாம் நின்று நின்று, “இவங்கதான் அந்த மில்லு வார்டன். அழகுமணிய உள்ள வச்சுப் பூட்டுனவங்க” என்றாள். ஏழு பேரிடம் சொன்னாள். ஏழு முறையும் நான் ஆமாம் என்றேன். ஒரு கிழவர் காறித் துப்பினார். என் மேல் படவில்லை.

அவர்களுடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைவிட இருபது வயது மூத்தவர் போல இருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாவல் படித்ததையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

ஆனால் அவர் கேட்டார்: “கடேசியா என்ன சொன்னா எம்புள்ள? ஆத்தான்னு கூப்புட்டாளா?”

கதையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நூறு பேரை அழவைத்தேன். இந்தத் தாய்க்கும் அதையே சொன்னால் என்ன? அதுகூடக் கொடுக்க முடியாதா? நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லைங்க. அக்கான்னு கூப்பிட்டா.”

அவர் மகளைப் பார்த்தார். முகத்தில் லேசாக ஏதோ இளகியது. “பாத்தியாடி, உன்னத்தான் தேடிருக்கா.”

பூங்கொடி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம்.

“இல்லம்மா. என்னைய அவ என்னைக்கு அக்கான்னு கூப்புட்டா? பேரச் சொல்லித்தான கூப்புடுவா.” என் பக்கம் திரும்பினாள். “ஹாஸ்டல்ல உங்கள என்னன்னு கூப்புடுவாங்க?”

“அக்கான்னுதான்” என்றேன்.

அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேருந்து நிறுத்தம் வரை பூங்கொடி கூட வந்தாள். “நாளைக்குப் பத்து மணிக்கு வக்கீலம்மா ஆபீசுக்கு வந்துருவீங்களா? எழுதிக் குடுத்தாத்தான் கேஸ மறுபடி எடுப்பாங்களாம்.” வருகிறேன் என்றேன். நம்பாதவள் போலப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன். இட்லி ஊற்றினேன். எழுதிக் கொடுத்தால் என்னையும் கைது செய்யலாம் என்று வக்கீலம்மா போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பயம் குறையவே இல்லை. எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

யாழினி பள்ளிச் சீருடை போடவில்லை. ஒரு வாரம் கழித்து இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“நானும் வர்றேன்” என்றாள். “நீ அங்க எல்லாத்தையும் சொல்றியான்னு நான் பாக்கணும்.”

சரி, கிளம்பு என்றேன்.